ஓரடி பின்னால்

ஓரடி என்ன விலை, ஓதார்?
லென்ஸ்தானே கேட்கிறாய் என்றான்.
ஓரடியைத்தான் கேட்கிறேன்.
பின்னால் நகர ஓரடி கிடைத்திருந்தால்
திபிலிசியின் இந்த ஞாயிற்றுக்கிழமைக் குளிரில்
பாலத்தோரம் உன் விரிப்பின் முன் குந்தியிருப்பேனா?

க்ல்தானி அடுக்ககங்களில் எரிவாயு மீட்டர்
சமையலறைச் சுவரில் இருக்கும்.
மாதம் முந்நூறு சமையலறை ஏறி இறங்குகிறேன்.
எண் எழுதும் நோட்டு, டார்ச்,
பையின் அடியில் என் ஃபெத் காமிரா.
வந்ததுதான் வந்தாய், ஒரு படம் எடேன் என்பார்கள்.
குளிர்பெட்டியில் முதுகு முட்டும்வரை போவேன்.
அதற்கும் பின்னால் சுவர்,
சுவருக்குப் பின்னால் ஒன்பதாம் மாடிக் காற்று.

ஐம்பது மில்லிமீட்டருக்குத் தாட்சண்யம் கிடையாது.
இரண்டு மீட்டர் தள்ளி நின்றால்
ஒன்றரை மீட்டர் குடும்பம்தான் அதன் கணக்கு.
எத்தேரி வீட்டில் யாரை வெட்டுவேன்?
மூத்த மருமகள் மாக்வாலாவையா,
அவளோடு பேசாத நாதெலாவையா,
போலந்தில் வேலை பார்க்கும் மகன் சிரிக்கும்
கைபேசியைத் தூக்கிப் பிடித்த பேரனையா?

ஓதார் மூன்றை எடுத்து வைத்தான்.

இருபது:
பக்கத்து வீட்டுச் சமையலறையையும் சேர்த்துப் பிடிக்கும்.
ஓரத்தில் நிற்பவர் முகம் மட்டும் பூசணிக்காய்.
எத்தேரி என்னை உயிரோடு விடமாட்டாள்.
விலை என் மூன்று மாதச் சம்பளம்.

இருபத்தெட்டு, ஓரியன்:
அகலம் சரி, வெளிச்சத்துக்குப் பேராசை.
முழுக்கத் திறந்தாலும் ஆறுதான்.
சன்னல் முழுக்கத் துணி காயும் வீட்டில்
நாற்பது வாட் பல்பை நம்பி
யார் அரை நொடி அசையாமல் நிற்பார்கள்?

முப்பத்தைந்து, ஜூபிடர் பன்னிரண்டு:
நூற்றிருபது லரி.
பின்கண்ணாடி தவளைக் கண்ணாய்ப் பிதுங்கி
படச்சுருளின் காதருகே ரகசியம் சொல்லப்போவதுபோல்.
துளையைத் திருப்ப, தேன் ஜாடிக்குள் விடுவதுபோல்
விரலை உள்ளே விடவேண்டும்.
திருப்பும்போதெல்லாம் கண்ணாடியில் ரேகை.

உன் காமிராவுக்குப் பொருந்தும், என்றான்,
எல்லாக் காமிராவுக்கும் பொருந்தாது.
இது காட்டும் அகலத்தைப் பார்க்க
மேலே மாட்டும் குட்டிக் கண்ணாடி?
அது தனி. நூற்று முப்பது.

பிள்ளையைவிடப் பிள்ளையின் தொப்பிக்கு விலை கூட!
தொப்பி வேண்டாம் என்றேன்.
தெரிவதற்கு அப்பால் இருபுறமும் ஒரு சாண்
இருக்கிறதென்று நம்பிக்கொள்கிறேன்.
நூற்றைந்துக்குப் படிந்தது.

எல்லாரும் வந்துவிட்டார்கள் படத்தில்.
மாக்வாலாவும் நாதெலாவும் எதிரெதிர் ஓரங்களில்,
அவரவர் நினைத்த தூரத்தில்.
கைபேசிக்குள் நகமளவு மகன்.
எத்தேரி கண்ணை மூடியிருந்தாள், அது என் தவறில்லை.

நான் நம்பிக்கொண்ட இடதுபக்கச் சாணில்
மீட்டர்.
மீட்டரின் விலாவில் ஒட்டிய கறுப்புக் காந்தம்.

இரண்டு ஆண்டாக அந்த முகப்பில் எண் மட்டும் பார்த்தேன்.
முழு விலாவையும் பார்த்தது நூற்றைந்து லரிக் கண்ணாடி.
கத்தரியை எடுத்தேன்.
இரண்டு விரல் அகலம் நறுக்கினால் போதும்,
காந்தம் போய்விடும்.
நாதெலாவின் தோளும் போய்விடும்.
இதற்கா ஓரடி வாங்கினேன்?

நறுக்காமல் உறையில் போட்டுக் கொடுத்தேன்.
எத்தேரி வெகுநேரம் பார்த்தாள்.
எல்லாரும் இருக்கிறோம், என்றாள்.
எல்லாமும், என்றேன்.

அடுத்த மாதம் போனபோது
குளிர்பெட்டிக் கதவில் அந்தப் படம்.
விழாமல் பிடித்திருந்தது
கறுப்புக் காந்தம்.
மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, எண்ணை எழுதினேன்.
எத்தேரி எனக்குக் காபி வைத்தாள்,
நீலச் சுடரை
நகக்கண் அளவுக்குச் சுருக்கி.