ஒரு மீற்றர்

கூட்டம் பத்து மணிக்கு.
பத்தே காலுக்குத்தான் மின்விசிறி சுற்றத் தொடங்கியது.
குறிப்பெழுதுவது என் வேலை.
கொழும்பிலிருந்து வந்த சுற்றறிக்கையை
என்னையே வாசிக்கச் சொன்னார் தவிசாளர்:
'கண்டி வீதியோரத் துவிச்சக்கரவண்டி ஒழுங்கைகள்
மறு அறிவித்தல் வரை இடைநிறுத்தப்படுகின்றன.
வரையப்பட்ட கோடுகள் நீக்கப்படல் வேண்டும்.'

துவிச்சக்கரவண்டி.
கடுதாசிக்கு வெளியே
இந்தச் சொல்லில் ஏறி ஓடிய ஒருவரையும்
கிளிநொச்சியில் நான் கண்டதில்லை.

மருந்துக்கடைக் கோணேசபிள்ளை முதலில் எழும்பினார்.
கோடு கீறின நாள் தொட்டு
கார்க்காரர் கடைக்கு முன்னால் நிப்பாட்டுகிறார்கள் இல்லையாம்.
'இன்சுலின் வாங்க வாற மனுசன்
கரடிப்போக்குச் சந்தியில காரை விட்டிட்டு
நடந்தோ வாறது?'
சிரித்தார்கள்.
சிரிப்பைக் குறிப்பில் எழுதும் வழக்கம் இல்லை.

டிப்பர்ச் சங்கத்து இராசமனோகரன்:
'தடை நேரம் எண்ணெய் இல்லாமல்
ஊர் முழுக்கச் சைக்கிளிலதானே ஓடினது.
அப்ப ஆர் எங்களுக்குக் கோடு கீறித் தந்தது?'
பின்வாங்கிலிருந்து ஒரு குரல்:
'அப்ப உங்கட டிப்பரும் இல்லை, அண்ணை.'

குரலுக்குப் பெயர் துசியந்தினி.
உருத்திரபுரத்திலிருந்து தையல் தொழிற்சாலைக்கு,
போகும்போது இருட்டு, வரும்போது இருட்டு.
தையல் நாடா கொண்டு வந்திருந்தாள்.
'என்ர கான்டிலை அளந்து பார்த்தனான்.
இரண்டடி.
ஒரு மீற்றர் எண்டால்
மிச்சம் ஓரடிக்குக் கொஞ்சம் கூட.
அது நான் பயப்படுறதுக்கு.'

கமலரூபன் கையுயர்த்தவில்லை, எழும்பவும் இல்லை.
பொய்க்காலைக் கழற்றி
வாங்குக்குக் கீழே வைத்திருந்தார், வெக்கை.
'ஒற்றைக் காலால மிதிக்கிறனான்.
வெளிக்கிடேக்க ஒருக்கா
வலப்பக்கம் சரியும்.
ஒருக்காத்தான். பிறகு நேராயிடும்.
அந்தச் சரிவுக்கு இடம் விடுங்கோ.'

பொறியியலாளர் வரைபடத்தை விரித்தார்.
அதில் வீதி இருந்தது, வடிகால் இருந்தது,
எதிர்கால வீதி புள்ளிக்கோட்டில் இருந்தது.
சரிவதற்கான இடம்
எந்த நிறத்திலும் இல்லை.

ஓர் உறுப்பினர் கேட்டார்:
'சைக்கிள் ஒழுங்கையெண்டு சொல்லுறியள்,
அதில காயிறது நெல்லெல்லோ?'
பொய்யில்லை.
இன்று காலையும் முப்பது யார் நீளத்துக்குப் பொன்னிறம்.
நானே ஒடித்து, வெட்டித்தான் வந்தேன்.
ஆனால் நான் பேச வந்தவள் அல்லள்.
என் சைக்கிள் வெளியே
வேப்பமரத்தில் சாய்ந்து
பூட்டுப் போட்டுக்கொண்டு நின்றது.

பன்னிரண்டரைக்குத் தேத்தண்ணி.
ஒன்றுக்கு முடிவு.
எழுதினேன்:
'பொதுமக்களின் கருத்துகள் கேட்கப்பட்டன.'
கேட்டது யாரென்று சொல்லாமலே
முடிந்துவிடுகிற வாக்கியம்.
தவிசாளர் கையெழுத்து வைத்தார்.
சிரிப்புப் போலவே
அந்த ஓரடியும் குறிப்பில் ஏறவில்லை.
எழுதி, வெட்டியது நான்.

வியாழன் இரண்டு பேர் வந்தார்கள்,
பரலில் தார் கொதித்தது.
தூரிகையால் இழுத்து இழுத்து
வெள்ளையை மூடிக்கொண்டே போனார்கள்.
ஒருவனுடைய லுமாலா
அவன் மூடிய கோட்டுக்கு உள்பக்கமாகவே
நிறுத்தியிருந்தது.

பழைய வீதி சாம்பல் நிறம்.
புதுத் தாரோ நல்ல கறுப்பு.
மாலை வெயிலுக்கு
அழித்த கோடு
கீறிய கோட்டைவிட வடிவாகத் தெரிந்தது.
அதன் உள்ளேதான் ஓடினோம்,
ஒருவர் பின் ஒருவராக,
யாரும் சொல்லாமல்.

விடிய
அந்தக் கறுப்பு விளிம்பு வரைக்கும்
ஆரோ ஒழுங்காக நெல் பரப்பியிருந்தார்கள்.
நான் வலப்பக்கம் சரிந்தேன்.
பின்னால்
டிப்பர் ஹோர்ன் அடித்தது.