இருபது ரூபாய் மார்கழி

வேலூர்க் குளிரில் வண்டி கெடுகிறது என்றால்
சிரிக்கத்தான் செய்வார்கள்.
கத்திரியில் தார் இளகிச்
செருப்பைப் பிடித்துக்கொள்ளும் ஊர்.
ஷோரூம் பையன் சிரித்தான்.
ராணிப்பேட்டை மெக்கானிக் சிரிக்கவில்லை,
கியர்பாக்ஸையே மாற்றணும் என்றான்,
ஒன்று நாற்பது ஆகும்,
லட்சத்தில்.

ஐந்தரை மணிக்குப்
பாலாற்று மணலிலிருந்து பனி ஏறி வந்து
மேல்விஷாரத்தைப் பாதி விழுங்கியிருக்கும்.
சாவியைத் திருகினால்
டி என்ற எழுத்து விட்டு விட்டு மின்னும்.
மூன்றாம் கியரைத் தவிர எதையும் அறியேன் என்று
மூன்றிலேயே கிளம்பும்
மூன்றிலேயே முனகும்.
பின்னால் வரும் தோல் லாரி
ஆரன் அடித்தே என்னை மேடேற்றிவிடும்.

எனக்கு இடது கால் முழங்காலோடு சரி.
கிளட்ச் என்பது
நான் கேள்விப்பட்ட பொருள்.
ஆறு மணி ஷிஃப்ட். ஷூக்களின் தையலைத்
தடவிப் பார்த்துத் தள்ளும் வேலை.
ஜோடி ஜோடியாக வரும்,
இரண்டையும் தடவுவேன்.

பத்து மணி வெயில் பானெட்டில் பட்டதும்
வண்டி நல்ல பிள்ளை.
டாக்டர் வாசலை மிதித்ததும்
இறங்கிப்போகிற காய்ச்சல்.

அத்தாவுல்லா பாய் மட்டும் கேட்டார்:
"பனி இருந்துச்சா அன்னைக்கி?"
இருந்தது என்றேன்.
வானத்தைப் பார்த்தார். உச்சி வெயில்.
"இப்ப மார்கழிக்கு எங்க போறது"
என்றபடி ஸ்கூட்டரை எடுத்தார்.

மீன் கடையிலிருந்து திரும்பினார்,
பாலித்தீன் பையில் நொறுக்கிய ஐஸ்,
இருபது ரூபாய்க்கு.

பேட்டரியை ஓரமாக நகர்த்தி
அடியில் சுருண்டு கிடந்த வயர்களுக்கு
முடிச்சு முடிச்சாக ஒத்தடம் கொடுத்தார்.
உள்ளே உட்கார்ந்து நான்
அந்த ஒற்றை எழுத்தையே பார்த்திருந்தேன்.
ஒன்றுமில்லை.
அடுத்ததிலும் ஒன்றுமில்லை.
ஐஸ் உருகி அவர் முழங்கையில் வழிந்தது.
லுஹர் பாங்கு சொன்னார்கள்.
பையைக் கீழே வைக்கப் போனவர்
என்ன நினைத்தாரோ, கையை இன்னும் உள்ளே விட்டார்.

டி மின்னியது.

"வந்துடுச்சு பாய்!"
நோய் வந்ததற்கு
நான் கத்திக் கொண்டாடியது அன்றைக்குத்தான்.

பச்சை வயர். மேல்தோல் முழுசு.
உள்ளே செம்பு மயிரிழை முறிந்து
வெயிலில் ஒட்டும், பனியில் விலகும்.
வெளியே பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது.
தோலைப் பார்த்தே பிழைப்பவள் சொல்கிறேன்.

அரை அங்குலம் வெட்டி ஈயம் வைத்து
டேப் சுற்றி நானூறு வாங்கினார்.
ஐஸுக்குத் தனியாக இருபது.

மறுநாள் ஐந்தரை. அதே பனி.
ஒன்று இரண்டானது எப்போது,
இரண்டு மூன்றானது எந்தத் திருப்பத்தில்,
தெரியவில்லை.
தெரியாமல் இருக்கத்தானே
இதை வாங்கினேன்.

சங்கரா மீன் வாடை மட்டும்
தை பிறந்தும் போகவில்லை.
கம்பெனி கேட்டில் ஒரு பூனை
தினமும் என் பானெட்டின் முன்
வாலைச் சுற்றிவைத்து
நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கிறது.