நாலு மில்லி சுவர்

ஆவாரம்பாளையம், ராத்திரி ஒன்பதே கால்.
கீழே லேத்தெல்லாம் நின்றாயிற்று.
ஏர் கம்ப்ரஸர் மட்டும் அவ்வப்போது தும்முகிறது.

ஏழரை ஹெச்பி மோனோபிளாக்.
பேரிலேயே சனி இருக்குதுங் என்பான்
பேட்டர்ன் நாச்சிமுத்து.
காலை ஏழுக்கு அவன் கைக்கு ஃபைல் போகணும்.

வால்யூட்டுக்குச் சுவர் நாலு மில்லி.
ஷெல் கொடுக்கிறேன்.
முடியவில்லை என்கிறது திரை,
ஏன் என்று சொல்லாமல்.
தண்ணீர் சுற்றிவந்து பிரிகிற அந்த முனை,
நாங்கள் நாக்கு என்கிற இடம்,
அது மட்டும் சிவப்பாக எரிகிறது.

சந்தா மார்ச்சோடு முடிந்தது.
"ஒடிசா ஆர்டர் வரட்டும் கண்ணு, கட்டிக்கலாம்."
கட்டாதவருக்குப் பயனர் சங்கத்தில்
தலைப்பு தெரியும், உள்ளே தெரியாது.
மளிகைக்கடை ஷட்டர் இடுக்கில் பார்ப்பது போல
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன்.

'வால்யூட் நாக்கில் ஷெல் நிற்கவில்லை: தீர்வு கிடைத்தது.'
பக்கத்தில் ஒரு பூட்டு.
பூட்டுக்குக் கீழே எழுதியவர் பெயர்:
கவின்மலர், கணபதி.

நான்தான்.
பழைய கம்பெனி, நாலு வருசம் முந்தி.
முப்பத்தொரு பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள்.
என்ன எழுதினேன் என்பது
சத்தியமாக ஞாபகமில்லை.
வாடிக்கையாளர் எண்ணைத் தருக, என்கிறது
என்னிடமே.

பொல்லாப்புச் சொல்லக் கூடாது.
அந்த மூடிய அறை அமைதியான அறை.
கேட்டால் புனேக்காரர் ஒருவர்
அம்புக்குறி போட்டு, வெட்டுத்தோற்றம் போட்டு
மாப்பிள்ளைக்குப் பரிமாறுகிற மாதிரி சொல்லுவார்.
திறந்த கூட்டத்தில் பதினோராயிரம் பேர்.
முருகன் படம், காலை வணக்கம்,
ஹோசூரில் வேலை காலி இருக்கா, திருட்டுச் சாவி இருக்கா.
போன ஐப்பசியில் எவனோ அங்கே
தைரியமாகச் சொன்ன சுருக்க அளவை நம்பி
நாற்பதாயிரம் ரூபாய்த் தேக்குப் பேட்டர்னை
நாச்சிமுத்து வெந்நீர் அடுப்புக்குக் கொடுத்தான்.
மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
அளவைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

ஆனாலும் அங்கேதான் கேட்டேன்.
வேறெங்கே போக.

முதல் பதில்: சாஃப்ட்வேரை மாத்துங்க.
அடுத்து ஒரு ரோஜாப்பூ.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை,
கொசுவர்த்தி ஒரு சுற்று எரிந்தது.

பத்தே முக்காலுக்குப் பல்லடத்திலிருந்து
தறி உதிரி வரைகிற ஷர்மிளா பானு:
"அக்கா, தறிக்கு முந்தி நானும் பம்ப்புத்தானுங்.
அப்ப யாரோ ஒருத்தங்க எழுதினது,
நோட்டுல ஏத்தி வெச்சிருக்கறனுங், பாருங்."
கோடு போட்ட நோட்டு. பச்சை மை.

நாக்கின் வலைவை முதலில் அடக்கவும்.
சுவரை எழுப்பவும்.
அதற்குப் பிறகு நாக்கை விடவும்.

வலைவு.
என் எழுத்துப்பிழை அப்படியே.
ஓரத்தில் மட்டும் நீல மையில், அவள் சேர்த்தது:
சுவர் ஆறுக்கு மேல் போனால் இது உதவாது,
உடம்பை இரண்டாகப் பிளந்து செய்.
எனக்குத் தெரியாது அது.
அந்தப் பூட்டுக்குள்ளும் இருந்திருக்காது.

அடக்கினேன், எழுப்பினேன், விட்டேன்.
சிவப்பு போயிற்று.

நன்றி தட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்:
"ஏனுங்க்கா, இம்பெல்லர் இறகு
எத்தனை டிகிரி வெச்சிருக்கறீங்?"

மூன்று மாதம். பதினெட்டு வார்ப்பு.
டெஸ்ட் பெட்டில் நனைந்த சுடிதாரோடு
நான் கண்டுபிடித்த எண்.
இருபத்து என்று தட்டி, நின்று, அழித்தேன்.

"அது கம்பெனி ரகசியம் கண்ணு."

சிரிப்புப் பொம்மை ஒன்று வந்தது.
அதற்கு என்ன அர்த்தமோ.

வெட்டிப் பார்த்தேன் மறுபடி:
நாலு மில்லி,
நாக்கு வரைக்கும்
ஒரே சீராக.