ஒட்டுக்குக் கீழே

தாண்டிக்குடி நர்சரியில்
கமலா ஆரஞ்சு என்றுதான் சீட்டு கட்டிக் கொடுத்தார்கள்.
ஒட்டுக்கன்று, எண்பது ரூபாய்.
ஒட்டின் மேல் பச்சை பாலித்தீன் நாடா,
விரல் காயத்துக்குக் கட்டுப்போட்ட மாதிரி.
பண்ணைக்காட்டு வீட்டுக்குப் பின்னால்
நட்டது நீ.
மறுவாரம் திருப்பூர் பஸ் ஏறினாய்.

இரண்டாம் வருஷம், மாசி ராத்திரி,
காட்டெருமை ஒன்று கம்பிவேலியைப்
பாய்போல் சுருட்டிவிட்டு
பீன்ஸ் பாத்தியில் நடந்து
போகிற போக்கில்
நாடாவுக்கு மேலே இருந்ததை முறித்துப்போட்டது.
தின்னக்கூட இல்லை.

போனில் சொல்ல நினைத்தேன்.
ஓவர்டைம் என்றாய்.
சிக்னல் வேறு
தண்ணித்தொட்டி மேட்டில் ஏறினால்தான்.

சித்திரை மழைக்கு
ஒட்டுக்குக் கீழேயிருந்து ஒரு குச்சி எழுந்தது.
விரல்நீள முள்.
இலையைக் கசக்கி முகர்ந்தேன்.
ஆரஞ்சு இல்லை.
வேருக்குச் சொந்தக்காரி வந்துவிட்டாள்.

"காட்டெலுமிச்சை, வெட்டிப்போடு"
என்றார் பக்கத்துவீட்டு அந்தோணிராசு.
அரிவாளும் எடுத்துப் போனேன்.
இலையில் பறவை எச்சம்.
எச்சம் நகர்ந்தது.
புழு; பட்டாம்பூச்சி ஆகப்போகிறது.
இன்றைக்கு வேண்டாம் என்று வைத்தேன்,
அப்புறம் விறகுக்கு அரிவாளை
யாரோ கேட்டு வாங்கிப்போனார்கள்.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தண்டில் பூசினேன்.
மக்கிய காப்பித் தொலி மூட்டுக்கு.
பொங்கலுக்கு வந்த நீ
"நல்லா வளந்திருக்கே நம்ம ஆரஞ்சு" என்றாய்.
முள்ளைத் தடவி,
"எளசுல இருக்கும்" என்றும் சொன்னாய்.
ஆமாம் என்றேன்.
நாலு பொங்கல், நாலு ஆமாம்.

இந்த வருஷம் காய்ப்பு.
தொண்ணூற்றாறு. எண்ணினேன்.
தோல், தேரை முதுகு.
கையால் திருகினால் காம்போடு தோலும் பிய்யும்;
கத்தரியால் வெட்டணும்,
பனி காய்ந்து, பத்து மணிக்கு மேல்.
முழங்கை வரை கீறல்.
பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு முப்பது,
ஊறுகாய்க்கு நாற்பது,
கல்லுப்பு மூன்று கிலோ.
மிச்சத்தை மரத்திலேயே விட்டேன்,
நீ பறிக்க.

பறித்தாய்.
ஆரஞ்சை உரிப்பதுபோலவே உரித்தாய்,
சுளை பிரித்து நாரெடுத்து
வாயில் போட்டாய்.
ஒரு கண் மட்டும் சுருங்கியது.
மென்றாய். விழுங்கினாய்.
அடுத்த சுளையை எடுத்துக்கொண்டு
"கொட்டை கொஞ்சம் சாஸ்தி" என்றாய்.

எத்தனை வருஷமாய்த் தெரியும் உனக்கு?
கேட்கவில்லை.
உப்புக் கிண்ணத்தை
உன் பக்கம் நகர்த்தினேன்.