கிணறு இறைத்த அன்று

ஆவணி மாதத்துச் சனிக்கிழமை.
விடியவே மோட்டர் தொடங்கிவிட்டது.
இணுவிலில் எங்கள் வளவுத் தண்ணீரெல்லாம்
வாழைக்கும் பக்கத்து வீட்டு மரவள்ளிக்கும் ஓடி முடிய,
பத்து மணிபோல யோகன் அண்ணை
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
கயிற்றில் இறங்கினார்.

முதல் வாளியில் சேறு.
இரண்டாம் வாளியிலும் சேறுதான், கூடவே
ஒரு இடது கால் சப்பாத்து.

வைகாசியில் அதைத் தேடினோம்.
கட்டிலுக்குக் கீழே, அரிசிப் பீப்பாவுக்குள்,
பிரிட்ஜுக்குப் பின்னால்.
எட்டரைக்கு நான் சுன்னாகம் தபால் கந்தோரில்
கையெழுத்து வைக்க வேண்டும்.
எட்டு இருபதுக்கு
ஒற்றைச் சப்பாத்தோடு நின்ற ஆரூரனைப் பார்த்து
"எங்கையடா மற்றது?" என்று கத்தினேன்.
அவன் சொன்னான்:
"தொபுக்."

இரண்டரை வயதாகியும் அப்போது அவனிடம் இருந்தது
எண்ணி இருபது சொல்.
கிளினிக் மிஸ்ஸி கேட்டாவென்று
பேப்பரில் எழுதி வைத்திருந்தேன்:
அம்மா, பால், மாமா, லொறி, வேண்டாம்.
தொபுக்கை எழுதவில்லை.
அதை நான் ஒரு சொல்லாகவே எடுக்கவில்லை.

மூன்றாம் வாளி: டீவி ரிமோட்.
திகழினி இடுப்பில் கை வைத்தபடி வந்து நின்றாள்.
ஆனியில் அவளைத்தான் பிடித்தோம்.
கார்ட்டூன் விசரில் ஒளித்துவைத்தாய் என்று
ஒரு கிழமை டீவியை மறித்தோம்.
"நான் சொன்னனான் தானே?"
ஓம், சொன்னனீதான்.
"அப்ப மன்னிப்புக் கேளுங்கோ. ரெண்டு பேரும்."
சேற்றுக் கையோடு கேட்டோம்.
அவள் உடனே தரவில்லை.
யோசித்துச் சொல்லுறன் என்றாள். ஆறு வயது.

பிறகு ஸ்கூட்டித் திறப்பு.
புதுசு வெட்ட யாழ்ப்பாணம் போய் மூவாயிரம் கொடுத்த மனிசன்
ஒன்றும் பேசாமல் அதைச் சாரத்தில் துடைத்தார்.
பிறகு பாணி மருந்து அளக்கிற சின்னக் கோப்பை,
ஒரு அகப்பை, பாதி உருளைக்கிழங்கு,
ஆருடையதென்றே தெரியாத பொம்மைக் கால்.
தகப்பனின் இடுப்பில் இருந்தபடி ஆரூரன்
ஒவ்வொன்றுக்கும் கை தட்டினான்.
"சப்பாத்து குளிச்சது" என்றான்.
இப்போது அவனுக்கு வசனம் வருகிறது.
சில நேரம் நிற்பாட்டச் சொல்லிக் கெஞ்சுகிறோம்.

கீழேயிருந்து யோகன் அண்ணையின் குரல்
வளையம் வளையமாக ஏறி வந்தது:
"தங்கச்சி, வலை எந்தப் பக்கம் விட்டிருக்கு?"

பார்த்தேன்.
வாளி போக விட்ட வாயின் ஓரம்
கம்பி கழன்று, கட்டில் நின்று எக்கினால்
கை எட்டுகிற இடத்தில்.
சப்பாத்து போன வழியால் வேறு என்ன போகும் என்று
நான் நினைக்கவில்லை.
நினைக்காமல் இருக்கிறதுக்காக
கயிற்றை இறுக்கிப் பிடித்தேன்.
உள்ளங்கை இன்னும் எரிகிறது.

மத்தியானமே மனிசன் கம்பி வாங்கிவந்து
சோறும் தின்னாமல் வரிந்து கட்டினார்.
கட்டினதை நான் இழுத்துப் பார்த்தேன்.
நான் இழுத்ததை அவர் இழுத்துப் பார்த்தார்.

பின்னேரம் சப்பாத்தைக் கழுவி மதிலில் வைத்தேன்.
காய முதலே அவனுக்கு அது வேண்டுமாம்.
கால் வளர்ந்துவிட்டது, குதி உள்ளே போகாது.
வலது காலுடையதைக் குப்பை லொறிக்குக் கொடுத்து
இரண்டு மாதம்.
இதையெல்லாம் ஆர் அவனுக்கு விளங்கப்படுத்துவது?
நிலத்தில் விழுந்து உருண்டு அழுதான்.
நான் அதட்டினேன், பிறகு கெஞ்சினேன்,
பிறகு நானும் பக்கத்தில் இருந்து கொஞ்சம் அழுதேன்.
கடைசியில் பெருவிரலில் அதைக் கொழுவிக்கொண்டே
நித்திரையாகிப் போனான்.
நுளம்பு வலைக்குள் சேற்று மணம்.
தமக்கை அரைத் தூக்கத்தில் சொன்னாள்:
"சரி அம்மா, மன்னிச்சிட்டன்.
அப்பாவை நாளைக்கு."

போன் வெளிச்சத்தோடு கிணத்தடிக்குப் போனேன்.
கம்பியை இன்னொருக்கால் இழுத்துப் பார்த்தேன்.
அடியில், ஊற்று வாயில்,
புதுத் தண்ணீர் ஒரு சாண்.

ஒருவரும் பார்க்கவில்லை.
சின்னக் கல்லொன்றை எடுத்து
வலைக் கண்ணுக்குள்ளால் விட்டேன்.

"சளக்" என்றது.
அவனுடைய சொல்லுக்கு
இன்னும் ஊற வேண்டும்.