அடியில் இருக்கும் மயில்

எதையும் கவிழ்த்துத்தான் பார்ப்பேன்.
முகம் பொய் சொல்லும், அடி சொல்லாது.
காத்தான்குடியில் இத்தனை காலமும்
இதைச் சொல்லித்தான் யாவாரம்.

எமில்டா பல்தசார் கொண்டுவந்தது
வெளிர்நீலச் சீனிக் கிண்ணம்.
"ஒல்லாந்தர் காலத்துச் சாமான் எண்டு
டச்பாரில எல்லாரும் சொல்றது."

விரல்நகத்தை ஓட்டினேன்.
மூன்று இடத்தில் தட்டியது,
அச்சு பூட்டிய பொருத்து.
ஊதிச் செய்ததல்ல, அழுத்தி எடுத்தது.
ஒல்லாந்தர் கோட்டையை விட்டுப்போய்
எண்பது வருஷமாவது இருக்கும்.

டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்
அடியில் ஒரு மயில்தலை, கண் தேய்ந்தது.
பக்கத்தில் சாய்சதுரம், மூலைக்கொரு எழுத்து.
வலது மூலையில் 'பீ':
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு.
கீழ்மூலை 'ஐ' என்றால் ஜூலை.
"அது கிண்ணம் பிறந்த நாளில்ல, மிஸிஸ்.
படத்தைப் பதிஞ்ச நாள்.
பிறகு அதே அச்சில
எத்தனை ஆயிரம் அடிச்சானோ."

அப்போதுதான் அந்த மங்கலைக் கண்டேன்.
மேசையில் இருந்து பழசானது
மேசை தொடும் விளிம்பில்தான் தேயும்.
இதுவோ உள்ளும் புறமும்,
பூவின் குழிக்குள்ளும்,
எல்லாப் பக்கமும் ஒரே கீறல்.
"ஆரோ மண்ணால உரைச்சு
வயசு ஏத்தியிருக்கான்" என்றேன்,
பெரிய கெட்டிக்காரன் மாதிரி.

"மண்தான்" என்றா.
"நாலாம் வருஷம். நத்தாருக்கு அடுத்த நாள்.
காலமை ஒம்பது மணிக்குக் கிட்ட."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்று வளவு தள்ளி
சரிந்த கிணற்றுக்கட்டோடு கிடந்ததாம்.
அவ வீட்டில் ஒன்று இருந்தது.
பக்கத்து வீட்டு ரொசலின் அலுமாரியிலும்
இதே நிறம், இதே பூ.
ரொசலின் கிடைக்கவேயில்லை.
"இருபது வருஷமா இதில சீனி போடேல்ல.
அடியைப் பாத்தாச் சொல்லுவீங்களாம்,
இது என்டயா, அவடயா?"

மயிலைத் திரும்பப் பார்த்தேன்.
பட்டறை தெரிகிறது, மாதம் தெரிகிறது,
எந்த ஆற்றங்கரை ஊர் என்றுகூடச் சொல்வேன்.
வீட்டை அதில் எழுதவில்லை.

விலை கேட்காமலே
பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டா.
பஸ் பிடிக்கவேணும் என்றா.

பிறகு கொப்பியை எடுத்து வழக்கம்போல
நிறம், பொருத்து, குறி, வருஷம்.
சொந்தக்காரர் கட்டம் சின்னது,
ஒரு பெயருக்கென்றே கோடு போட்டது.
எமில்டா உள்ளே கொண்டா.
ரொசலினின் கடைசி மூன்றெழுத்து
கோட்டைத் தாண்டி
வெளியே நிற்கிறது.