சீஸ் இல்லாத ஒன்று

ஞாயிறு மதியம் எய்னோ
பன்னிரண்டு முட்டையை அடித்து
ஒரே தட்டில் ஊற்றி ஓவனுக்குள் தள்ளுவான்.
பள்ளிக்கூடத் தரை துடைத்துப் பழகிய கை;
நான்கு மூலைக்கும் மஞ்சள் சமமாய்ப் போய்ச் சேரும்.
ஓரம் சிவந்த மஃபின்கள் ஒரு பக்கம்,
சாசேஜ் வில்லைகள் ஒரு பக்கம்.
ஒன்றை எடுக்க நான் கை நீட்டினால்
கரண்டியால் தட்டுவான்:
ஆக்கப் பொறுத்தாய், ஆறப் பொறு.

சூட்டோடு சுற்றினால் உள்ளே வேர்க்குமாம்.
வேர்த்தது முள்முள்ளாய் உறையுமாம்.
அப்புறம் அது ரொட்டி இல்லை, ஊறிய அட்டை.
ஆறியபின்
ஒழுகும் குழாய்க்கு ஒட்டுப்போடுகிறவன்போல்
ஒவ்வொன்றையும் வெள்ளித்தாளில் இறுக்கிச் சுற்றி
கறுப்பு மார்க்கரால் தேதி எழுதுவான்.
தேதியோடு நிறுத்துகிற ஆள் இல்லை.
‘ஜனவரி 9. இதில் மிளகு தூக்கல்.’
‘ஜனவரி 9. பாலத்தில் மெதுவாகப் போ.’
‘ஜனவரி 9. உன் இடது காலுறை ஓட்டை.’

அதிகாலை மூன்றரைக்கு
உறைபெட்டியில் கைவிட்டு
கல்லாய் ஒன்றை எடுத்துக்கொள்வேன்.
பனி தள்ளும் லாரியில்
கண்ணாடிக்குச் சூடு ஊதும் பிளவின்மேல் அதை வைத்து
கலப்பையை இறக்குவேன்.
சுப்பீரியர் ஏரி இரவெல்லாம் கொட்டியதை
சாலையோரம் மலையாய் ஒதுக்கிக்கொண்டே போக,
மூடிய சுரங்கத்தின் கோபுரம் தாண்டும்போது
கேபின் முழுக்க மிளகு வாசம் வரும்.
ஒரு கையில் ஸ்டீயரிங்,
ஒரு கையில் அவன் கையெழுத்து.

பிப்ரவரியில் படகை விற்றுவிட்டான்.
என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அதுவும் ரோலண்டிடம்.
நான்கு நாள் வீட்டில் பேச்சில்லை.
ஆனாலும் ஞாயிறு வந்தது, முட்டை வந்தது.
பக்கத்து அறையிலிருந்து கேட்டேன்:
தேவைக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தான்.

திங்கள்: ‘பிப்ரவரி 6.’
செவ்வாய்: ‘பிப்ரவரி 6.’
வேறெதுவும் இல்லை.
சுங்கச்சாவடி ரசீதைத் தின்பதுபோல் இருந்தது.

புதன் இரவு பனிமழையில் மின்சாரம் போனது.
உள்ளே உறைபெட்டி செத்துக் கிடக்க
வெளியே ஊரே உறைபெட்டி.
பேசாமலேயே ஆளுக்கொரு பக்கம் கூடையைப் பிடித்து
பின்படி ஓரம் பனியைத் தோண்டிப் புதைத்தோம்.

விடிந்து பார்த்தால் ஓர் அண்டங்காக்கை.
சோதனைக்கு வந்த அதிகாரியின் நடை.
ஒன்றைக் கொத்தி, வேண்டாமென்று போட்டு,
இன்னொன்றை இழுத்துக்கொண்டு
ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு மேல் மினுமினுத்துப் போனது.

‘காக்கை ஒன்றைக் கொண்டுபோய்விட்டது’ என்றேன்.
ஐந்து நாளில் முதல் வாக்கியம்.
‘எதை?’
‘எதுவானால் என்ன, எல்லாம் ஒன்றுதானே.’
வாயைத் திறந்தான்.
மூடிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மின்சாரம் வந்தது.
சண்டை தீர்ந்ததா என்றால்,
இல்லை. யாரும் தொடாததால் ஆறிப்போனது.

ஏப்ரல் கடைசியில்
நானே குவித்த பனிமேடு கரைந்து
சேற்றோடு கக்கியது:
ஒற்றைக் கையுறை, ஒரு சக்கர மூடி,
அலகு கிழித்த வெள்ளித்தாள்.
மார்க்கர் அழியவில்லை.

‘பிப்ரவரி 6. மன்னித்துக்கொள். சீஸ் தீர்ந்துவிட்டது.’

எஞ்சினை அணைக்காமல்
சேற்றில் நின்று திரும்பத் திரும்பப் படித்தேன்.
மன்னிப்பு படகுக்கா, சீஸுக்கா?
நடுவில் ஒரு முற்றுப்புள்ளி இருக்கிறது.
எய்னோ முற்றுப்புள்ளி வைப்பவன்தான்,
காய்கறிப் பட்டியலுக்குக்கூட வைப்பான்.
தின்றது காக்கை.
அதற்குச் சீஸும் தெரியாது, ரோலண்டையும் தெரியாது.

தாளைச் சட்டைப்பைக்குள் மடித்துவைத்தேன்.
கேட்கவில்லை.
ஞாயிறன்று கடையில் நிறுத்தி
இரண்டு பாக்கெட் சீஸ் வாங்கிவந்து
சமையல் மேடையில் போட்டேன்.
தட்டு அப்போதுதான் ஓவனிலிருந்து வந்திருந்தது.

‘ஒன்றே மிச்சமாகுமே’ என்றான்.
‘இருக்கட்டும்.’
கரண்டி வருவதற்குள்
ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன்.
சுட்டது.